சாட்சிக்குப் பங்கு இல்லை

உயில் எழுத உட்காரும் பெரிய மனிதர்கள் தயவுசெய்து வக்கீலுக்குக் காசு அழுதுவிட்டு எழுதட்டும். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் மெழுகுவர்த்தியில் பிடிக்கட்டும், குதிரைத் தீவனத்தில் பிடிக்கட்டும். எங்கள் டில்வர்டன் ஊரின் பெரிய வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ் கார்வில் வக்கீல் கூலியில் மிச்சம் பிடித்தார். அதற்கான விலையைக் கொடுத்தவள் அவர் வீட்டில் கணப்பு மூட்டிய டைனா ப்ரோபர்ட். நான் இந்த ஊரில் ரொட்டி சுட்டு விற்கிறவள், எனக்குச் சட்டம் தெரியாது. டைனாவைத் தெரியும்.

டைனா பிறந்ததே ஏழைகள் விடுதியில். அவள் அம்மா வேல்ஸ் பக்கத்திலிருந்து, பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் பூப் பறிக்க வந்தவள். வயிற்றுப் பிள்ளையோடு வந்தவளைத் தோட்டக்காரர்கள் துரத்திவிட, ஊர்ச்சபை வேண்டாவெறுப்பாக அந்த விடுதியில் ஒரு மூலையைக் கொடுத்தது. வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. டைனாவுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயதில் அங்கேயே செத்துப்போனாள். பிணத்தைச் சாக்கில் சுற்றி, உருளைக்கிழங்கு ஏற்றும் வண்டியில் கொண்டுபோனார்கள். வண்டிக்காரன் வழியில் சாராயக் கடையில் நிறுத்தி ஒரு கோப்பை குடித்துவிட்டு வந்தானாம். அவன் குடித்து முடிக்கும்வரை டைனா வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். வாழ்நாளில் அவள் என்னிடம் அழுதபடி சொன்ன ஒரே கதை அதுதான். எங்கே செத்தாலும் சாவேன், அந்த விடுதியில் மட்டும் சாகமாட்டேன் என்பாள்.

அம்மா போனபின் ஊர்ச்சபை அவளைக் கார்வில் வீட்டில் வேலைக்குத் தள்ளிவிட்டது. விடிவதற்குள் நிலக்கரி சுமந்து, சாம்பல் அள்ளி, எல்லா அறைகளிலும் நெருப்பு மூட்டிவிட்டு, எஜமானர்கள் கண் விழிப்பதற்குள் மறைந்துவிட வேண்டும். கணப்பு மூட்டுகிறவள் கண்ணில் பட்டால் அந்த வீட்டில் அபசகுனம் மாதிரி. அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவள் பெயர் மேரி. அவளுக்கும் முன்னால் இருந்தவளும் மேரிதான். புதுசு புதுசாகப் பெயரை மனப்பாடம் செய்ய எஜமானர்களுக்கு நேரம் ஏது? அதனால் டைனாவும் மேரி ஆனாள். "மேரி, கரி." "மேரி, புகை வருது." கூந்தல் நரைக்கும்வரை மேரிதான்.

கல்யாணம் ஆகவில்லை. நெட் க்வில்லியம் என்ற வண்டிக்காரனுக்கு அவள்மேல் ஒரு கண் இருந்தது. ஆனால் கல்யாணம் செய்துகொண்ட வேலைக்காரர்களைக் கார்வில் வைத்துக்கொள்ளமாட்டார். இருவரும் யோசித்தார்கள், யோசித்துக்கொண்டே கிழடாகிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவன் அந்தப் பக்கம் உட்காருவான், இவள் இந்தப் பக்கம். அவர்கள் குடும்பம் நடத்திய லட்சணம் அவ்வளவுதான்.

கார்வில் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கஞ்சர், அவ்வளவே. மனைவி முன்பே போய்விட்டார், பிள்ளை கிடையாது. கடைசி இரண்டு வருஷம் கால் வீங்கி, படி ஏற முடியாமல், புத்தக அறையிலேயே கட்டில் போட்டுப் படுத்தார். அப்போதுதான் டைனா அவர் கண்ணில் பட்டாள். காலுக்குத் துணி சுற்றுவது, கஞ்சி ஊட்டுவது, இரவில் தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அவள் வேலையாயிற்று. மற்ற வேலைக்காரிகளுக்கு அந்த நாற்றம் ஆகவில்லை.

ஒரு நாள் கால் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டிருக்கிறார், நீ இனிமேல் எங்கே போவாய் என்று. விடுதிக்குப் போகமாட்டேன் ஐயா என்றாளாம். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. அவர் அடுத்த வாரம் கடையில் ஒரு புத்தகம் வாங்கிவரச் சொல்லி, உயில் எழுதுவது எப்படி என்று தானே படித்து, தானே எழுத ஆரம்பித்தார். நகரத்து வக்கீல் கேட்ட கூலியைச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டே எழுதினாராம்.

எழுதி முடித்த நாளில் சாட்சிக்கு இரண்டு பேர் தேவைப்பட்டது. அக்கம்பக்கத்துக் கனவான்களைக் கூப்பிட்டால் யாருக்கு என்ன எழுதினார் என்று ஊரெல்லாம் தெரிந்துவிடும். வீட்டிலேயே நம்பிக்கையான ஆட்கள் யார்? வண்டிக்காரன் நெட், கணப்புக்கார டைனா. இருவரையும் புத்தக அறைக்குக் கூப்பிட்டார். டைனா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போய் நின்றாள். கார்வில் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவள் முட்டி போடாத இடமில்லை, ஆனால் உட்கார்ந்ததில்லை. பிறகு, உன் உண்மையான பெயர் என்ன என்று கேட்டார். சொன்னாள். உயிலில் அதற்கென்று விட்டிருந்த இடத்தில் அந்தப் பெயரை எழுதி, ஆற்றோரம் இருக்கிற சின்ன வீடு உன் ஆயுள்வரை உனக்கு, விறகும் உண்டு என்றார். இருவர் கண்முன்னே கையெழுத்துப் போட்டார். நெட் தன் பெயரைக் கிறுக்கினான். எழுதத் தெரியாத டைனா சிலுவைக் குறி போட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் என் அடுப்படிக்கு வந்தாள். ரொட்டி வாங்க வரவில்லை, சொல்ல வந்தாள். வீடு கிடைத்ததை முதலில் சொல்லவில்லை. எஜமான் தன் பெயரைக் கேட்டதைத்தான் முதலில் சொன்னாள்.

அதன் பிறகு ஒன்றும் நன்றாக நடக்கவில்லை. அந்த அறுப்புக் காலத்தில் குதிரை உதைத்து நெட் செத்தான். டைனா அவன் சவப்பெட்டிக்குப் பின்னால் எல்லோரோடும் நடந்து போனாள், எல்லோரோடும் திரும்பி வந்தாள். அவளுக்கு அதில் தனி இடம் எதுவும் கிடையாதே. பனி பெய்யும்போது கார்விலும் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்த கையோடு வக்கீல் வந்து கூடத்தில் உயிலைப் படித்தார். வேலைக்காரர்கள் வாசலருகே வரிசையாக நின்றார்கள். பண்ணையும் பெரிய வீடும் பாத் நகரத்தில் இருக்கும் விதவைத் தங்கை அர்சுலா அம்மாளுக்கு. குதிரைப் பந்தயத்தில் ஊரெல்லாம் கடன் வைத்திருக்கும் தம்பி மகன் லயனலுக்குக் கைத்தடி ஒன்று, காலையில் எழுந்து நடப்பதற்காக. தோட்டக்காரக் கிழவன் ஏபெல் ப்ரீஸுக்கு வருஷத்துக்குப் பத்து பவுன். ஊர் ஏழைகள் பன்னிரண்டு பேருக்கு ஞாயிறுதோறும் கோயிலில் ஆளுக்கொரு பெரிய ரொட்டி. ஆற்றோர வீடு டைனா ப்ரோபர்ட்டுக்கு. பிறகு வக்கீல் காகிதத்தின் அடியில் சாட்சிகளின் கையெழுத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இந்தச் சிலுவைக் குறி யாருடையது என்று கேட்டார். டைனா பெருமையாக, என்னுடையது என்றாள்.

உயிலுக்குச் சாட்சி போட்டவருக்கு அந்த உயிலில் ஒரு செம்புக் காசும் சேராது. அதுதான் சட்டமாம். பங்கு கிடைக்கிறவன் பொய்ச் சாட்சி சொல்லுவான் என்று பயந்து போட்ட சட்டம். நல்ல சட்டம்தான், பெரிய மனிதர்களுக்கு. அவள் குறி போட்டதால் உயில் செல்லும், அவளுக்கு எழுதியது மட்டும் செல்லாது. வக்கீல் அதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே லயனல் எழுந்து, இந்த உயிலே செல்லாது, வழக்குப் போடப்போகிறேன் என்று கத்தினான். கூடம் சந்தைக்கடை ஆயிற்று. மிச்சத்தை யாரும் படிக்கவில்லை.

லயனல் கணக்குப் போடத் தெரிந்தவன். உயில் இல்லையென்றால் ஆண் வாரிசு என்ற முறையில் பண்ணை அவனுக்கு. கையெழுத்துப் போடுவதைச் சாட்சிகள் இரண்டு பேரும் நேரில் பார்த்திருந்தால்தான் உயில் செல்லும். இருந்த இரண்டு சாட்சிகளில் ஒருவன் மண்ணுக்குள். மிச்சம் இருப்பது டைனா. மறுநாளே சமையலறைக்கு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் சொன்னதை டைனா அப்படியே என்னிடம் ஒப்பித்தாள்.

"உன்ன நடுத்தெருவுல விட எனக்கு மனசு வருமா, டைனா? பெரியப்பா குடுக்கணும்னு நெனச்ச வீட்ட நான் குடுக்கறேன். எழுதியே தர்றேன். நீ ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். நீ அந்த ரூமுக்குள்ள போகவே இல்ல. காகிதம் சமையக்கட்டுக்கு வந்துச்சு, இங்க வச்சுத்தான் குறி போட்ட. அவ்வளவுதான்."

"அவரு கையெழுத்துப் போட்டத நான் பாக்கலைன்னு சொல்லணுமா, சின்ன ஐயா?"

"ஆமா. நெட் எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்லப் போறதில்ல."

இந்தச் செய்தி எப்படியோ ஊருக்குள் கசிந்துவிட்டது. அந்த வருஷம் உருளைக்கிழங்கு அழுகிப்போய், பாதி ஊர் பட்டினி. உயில் போனால் ஞாயிற்று ரொட்டியும் போகும், பன்னிரண்டு ரொட்டி என்றால் பன்னிரண்டு குடும்பம். டைனாவைத் திரும்பிப் பார்க்காதவர்களெல்லாம் கார்வில் வீட்டுப் பின்வாசலுக்கு நடந்தார்கள். ஒருத்தி தேன் கொண்டுவந்தாள், ஒருத்தி முட்டை கொண்டுவந்தாள். கிழவன் ஏபெல் வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான். எங்கள் பாதிரியார் தாக்வே, பொய்ச் சத்தியம் செய்தவர்களின் கதி என்ன என்று இரண்டு ஞாயிறு தொடர்ந்து பிரசங்கம் செய்தார். இவளுக்கு வீடு போகிறதே என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

நான் மட்டும்தான் நேர்மாறாகச் சொன்னேன். ரொட்டி சுடும் வேலை எனக்குத்தான் வரும் என்று தெரிந்தும் சொன்னேன்.

"அவன் குடுக்கறத வாங்கிக்கோ. ஏபெலுக்கு மகன் இருக்கான், மத்தவங்களுக்கும் யாராச்சும் இருக்காங்க. உனக்கு யாரு இருக்கா? அந்த விடுதிக்குத்தான் போகணும், யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன்."

"கடவுள் கேட்டா என் பேரச் சொல்லு. நான் பாத்துக்கறேன்."

அவள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். கைகள் வீங்கி, விரல்கள் மடங்காமல் இருந்தன.

"அந்த வீட்லயேதான் வளந்தேன், அந்த வீட்லயேதான் கெழவியானேன். ஒரே ஒரு தடவ என்னை உள்ள கூப்பிட்டு உக்காரச் சொன்னாங்க. ஒரே ஒரு தடவ என் பேரக் கேட்டாங்க. அதையும் நடக்கவே இல்லைன்னு சொல்லச் சொல்றியா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. பேரைக் கேட்டுவிட்டால் வயிறு நிறைந்துவிடுமா என்று கத்தினேன். அவள் எழுந்து, மாவைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஹெரிஃபோர்ட் நீதிமன்றத்துக்கு அவளை என் வண்டியில்தான் அழைத்துப்போனேன். உள்ளே என்னை விடவில்லை. ஒரு குமாஸ்தாவும் இரண்டு தரப்பு வக்கீல்களும் இருந்த அறையில் பைபிளில் கை வைத்துச் சொன்னாள். எஜமான் கையெழுத்துப் போட்டார், நெட் பார்த்தான், நான் பார்த்தேன், நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். லயனலின் வக்கீல் விதவிதமாக மடக்கிப் பார்த்திருக்கிறான். கணப்பு மூட்டுகிறவளுக்கு நாற்காலி போட்டார்களா என்று சிரித்திருக்கிறான். ஆமாம், போட்டார்கள் என்றாளாம். வெளியே வந்து வண்டியில் ஏறியதும், பசிக்கிறது, ரொட்டி இருக்கிறதா என்று கேட்டாள். கொடுத்தேன்.

உயில் நின்றது. அர்சுலா அம்மாளுக்குப் பண்ணை கிடைத்தது. அந்த அம்மாள் நினைத்திருந்தால் ஆற்றோர வீட்டை அன்றே இவளுக்குக் கொடுத்திருக்கலாம். நானே காரியஸ்தரிடம் போய்க் கேட்டேன். அந்த வீட்டுக்கு வாடகை வருகிறது, ஒருத்திக்கு இரக்கம் காட்டினால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள், சட்டம் வேண்டாம் என்றதை அம்மாள் எப்படிக் கொடுப்பது என்றார். அம்மாள் பாத் நகரத்திலிருந்து ஒரு கறுப்புச் சால்வையை அனுப்பிவைத்தார், துக்கம் அனுசரிக்க. பெரிய வீட்டைப் பர்மிங்ஹாம்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டார்கள். அவர் தன் ஆட்களோடு வந்து இறங்கினார். அவர்களில் ஒரு மேரி இருந்திருப்பாள்.

டைனா என் வீட்டுக்கு வந்தாள். எனக்கு இரண்டு அறை, ஏழு பேர். அடுப்புக்கு மேலே மாவு வைக்கும் பரணில் படுத்தாள். சும்மா இருக்கமாட்டேன் என்று சாக்கு தைத்தாள். மாவுத் தூசியில் இருமல் பிடித்தது, ஊசி பிடிக்க விரல் வளையவில்லை. ஊர்ச்சபையிடம் உதவி கேட்டால், விடுதிக்கு வந்தால் உண்டு, வெளியே இருந்தால் ஒரு காசும் கிடையாது என்று புதுச் சட்டத்தைக் காட்டினார்கள். என் மருமகள் முணுமுணுக்க ஆரம்பித்தாள். அவளையும் குறை சொல்ல முடியாது, அவள் பிள்ளைகளே அரை வயிறு. டைனாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். கார்வில் உயிலில் எழுதின ரொட்டியைக் கொடுக்க ஆரம்பித்ததும் என் சாப்பாடு என்னுடையது, யாருக்கும் பாரமில்லை என்பாள். வாரம் ஒரு பெரிய ரொட்டியும் என் பரணும் இருந்தால் விடுதிப் பக்கம் போக வேண்டியதில்லை. அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த ரொட்டி யார் பெயருக்கும் எழுதியதில்லையே, ஊரில் அவளைவிட ஏழை யார் இருக்கிறார்கள் என்று நானும் நம்பினேன்.

இலையுதிர் காலத்தில் முதல் ரொட்டி ஞாயிறு வந்தது. விடியற்காலையில் பன்னிரண்டு ரொட்டிகளைச் சுட்டு நானே கோயிலுக்குக் கொண்டுபோய் அடுக்கினேன். கோயில் முழுக்க அந்த வாசனை. பிரசங்கம் முடிந்ததும் தாக்வே பெயர்களைப் படித்தார். ஒவ்வொருவராகப் போய் வாங்கினார்கள். அந்த வரிசையின் கடைசியில், பெயர் கூப்பிடுவதற்கு முன்பே, கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு டைனா போய் நின்றுவிட்டாள்.

பன்னிரண்டாவது ரொட்டி போனது. பலகை காலியாயிற்று. டைனா நின்றுகொண்டே இருந்தாள். தாக்வே இரக்கமான குரலில்தான் சொன்னார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"உன் பேரு இதுல சேராது, டைனா. காலமான கனவான் தெளிவா எழுதியிருக்கார். நான் சாகற அன்னைக்கு என் வேலையில இருக்கறவங்களுக்கு வேற ஏற்பாடு செஞ்சிட்டேன், அவங்க ஏழைகளோட ரொட்டியில பங்கு கேக்கக் கூடாதுன்னு. நீ அவர் வேலைக்காரி. ஏழைகள்ல சேர மாட்டே."

டைனா யோசித்தாள். அவளுக்கு எதையும் மெதுவாகத்தான் யோசிக்க வரும்.

"அப்ப நான் இன்னும் அந்த வீட்டு வேலைக்காரிதானா, ஐயா?"

"உயில்படி பாத்தா, ஆமா."

"அப்ப எனக்குச் சம்பளம் யாரு தர்றது?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பதில் வேண்டிக் கேட்டாள். ரொட்டியை மடியில் வைத்திருந்த பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். தேன் கொடுத்தவள் அதில் இருந்தாள், முட்டை கொடுத்தவளும் இருந்தாள். தாக்வே அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்து பாட ஆரம்பித்தார்கள். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அவள் நடுவழியாக நடந்து வெளியே போனாள்.

என்னிடம் சொல்லாமல், நான் அடுப்பில் இருந்த ஒரு காலையில், தானே நடந்து விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு முறை பார்க்கப் போனேன், ஒரு முறைதான் விட்டார்கள். தலைமயிரை வெட்டியிருந்தார்கள். கோடு போட்ட விடுதி உடுப்பு போட்டிருந்தாள். என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான், பாதிரியார் பதில் சொன்னாரா என்று.

இல்லை என்றேன். பனி உருகுமுன் அவள் அங்கேயே செத்தாள்.